கடல் இல்லாத ஊரில் கேட்ட கடல்

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அது வரைக்கும் நினைவிருக்கிறது. மாமல்லபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறம், மணலில் போட்டிருந்த துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். உச்சி வெயில். கையெல்லாம் சோப்பு நுரை. கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தால் தேவலை என்று தோன்றியது. மூடினேன்.

திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நான் அதே கல்லுக்கருகில்தான் இருந்தேன். வாளி காலியாக இருந்தது. துணிகள் எல்லாம் கொடியில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கின. தொட்டுப் பார்த்தேன். மெல்லிய துணிகள் காய்ந்தே விட்டிருந்தன.

யாரோ பாவம் பார்த்து உதவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுச் செல்வியிடம் கேட்டேன்.

"நானா? நீதானக்கா காயப்போட்ட. எங்கிட்ட பேசிக்கினே போட்டியே" என்றாள்.

"இன்னா பேசினேன்?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உம் பொண்ண ஸ்கூல்ல சேக்கறத பத்திதான். நல்லாத்தான் பேசிக்கினு இருந்த. இன்னாக்கா, தூக்கம் கலையலையா?"

சிரித்துச் சமாளித்து உள்ளே வந்துவிட்டேன். அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பேச்சை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். ஒரு சொல்கூட வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இரண்டாவது கர்ப்பம், ஐந்தாம் மாதம். மூத்தவள் நிஷாவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. என் கணவர் அன்வர் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் சங்கு, பாசிமணி, தொப்பி விற்கும் கடை வைத்திருந்தார். நான் பிறந்தது செங்கல்பட்டில், மார்க்கெட்டை ஒட்டிய தெருவில். கல்யாணமாகித்தான் கடல் பக்கம் வந்தேன்.

இதைப் படிக்கிற நீங்களும் கர்ப்பமாக இருக்கலாம். "அசதியா இருக்கு" என்று சொன்னால் வீட்டில் எல்லாரும் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. முதல் கர்ப்பத்தின்போது எனக்கும் அசதி இருந்தது. படுத்து எழுந்தால் போய்விடும். இது போகவில்லை. தூங்கி எழுந்தால் படுத்ததைவிட அதிகமாகக் களைத்திருந்தேன். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியில் இறங்கிவிடும். அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பேசும்போது வாக்கியத்தை முடிக்க மூச்சு போதாது.

உள்ளூர் கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். தவறாமல் சாப்பிட்டேன். காலையில் கெட்டியான டீயோடு சேர்த்துத்தான் விழுங்குவேன். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆறாம் மாதத்தில் கடல் கிட்டே வந்தது.

எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். அலைச் சத்தம் எப்போதும் லேசாகக் கேட்கும், கேட்டுப் பழகிவிட்டதால் காதில் விழாது. அந்த மாதம் அது நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. முதலில் தெருக்கோடியில் இரைந்தது. பிறகு பின்பக்கத்து மதில் வரைக்கும் வந்துவிட்டது போலிருந்தது. படுத்தால் தலையணைக்கு அடியில் இரைச்சல்.

"என்னங்க, கடல் உள்ள வந்துகினு கீதா?" என்று அன்வரிடம் கேட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எங்க வந்துகினு கீது? எப்பவும் இருக்குற எடத்துலதான் கீது. ஏன்?"

"சத்தம் ஜாஸ்தியா கீதே."

அவர் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் நானே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். வழியில் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. சவுக்குத் தோப்பைத் தாண்டும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பொத்திய பிறகும் கேட்டது.

கரைக்கு வந்தேன். கடல் அசையாமல் கிடந்தது. குளத்துத் தண்ணீர் போலத் தட்டையாக, விளிம்பில் மட்டும் சின்னதாக மடிந்து மடிந்து மணலை நனைத்தது. என் காதுக்குள் பேரலைகள் உடைந்துகொண்டிருந்தன. கண்ணுக்கு முன்னால் ஓர் அலைகூட இல்லை.

வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, வவுத்துப் புள்ளக்காரி வெயில்ல நிக்கிற? வூட்டுக்குப் போ" என்றார்.

"இன்னிக்கி கடல் சத்தமா கீதா?"

"சத்தமா? செத்துப் போன மாதிரி கெடக்குது. காத்தே இல்ல."

எப்படி வீடு திரும்பினேன் என்பது தெரியாது. இதை மிகைப்படுத்தி எழுதவில்லை. அடுத்து நினைவிருப்பது நான் வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்திருந்ததுதான். சிற்பக் கூடங்கள் இருக்கும் தெரு வழியாக வந்திருக்க வேண்டும். ஏனென்றால் என் நாக்கில் கல்தூள் இருந்தது. விரல் நுனிகளும் சாம்பல் நிறமாக இருந்தன. யாரும் என் வாயில் போட்டிருக்க முடியாது. அதைவிடப் பயமாக இருந்தது, அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது என்பது.

யாரிடமும் சொல்லவில்லை. புத்தி பேதலித்துக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். பிள்ளை பிறந்த பிறகு என்னை யாரிடம் ஒப்படைப்பார்கள், பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்றெல்லாம் யோசித்தேன்.

உண்மையில் என்னை உலுக்கியது நிஷா. ஒரு சாயங்காலம் வாசல்படியில் நின்று தெருவைப் பார்த்து, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னாலேயே பாயில் படுத்திருந்தேன்.

"இங்க கீறேன்டா. யாரக் கூப்புடுற?"

திரும்பி என்னை நிதானமாகப் பார்த்தாள். "நீ இல்ல. அம்மாவ."

"நான்தானடி அம்மா."

"நீ படுத்துக்கினே இருக்குறவங்க" என்றாள். மறுபடி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்களோடு இருந்த என் மாமியார் தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டுவிட்டார். மறுநாள் பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர் ஒரு செம்பில் வந்தது. "அந்தி நேரத்துல கடலாண்ட போய் நின்னிருப்ப. எதையாவது பாத்து பயந்திருப்ப" என்று சொல்லிக் குடிக்கவைத்தார். என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தவர் கையை அப்படியே நிறுத்தினார். என் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். உதட்டைப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"அன்வரு, இவ உதட்டுல ரத்தமே இல்லடா. தண்ணி குடுத்தாச்சி, அது போதாது. இவள செங்கல்பட்டுக்கு இட்டுக்கினு போ. பெரிய டாக்டராப் பாரு."

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். ஊர் எல்லை தாண்டினால் இரைச்சல் குறையும் என்று எதிர்பார்த்தேன். வயல்கள் வந்தன, குன்றுகள் வந்தன. இரைச்சல் குறையவில்லை. பஸ் நின்று இன்ஜினை அணைத்த இடத்திலெல்லாம் அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அம்மா வீட்டில் என்னைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நான் பிறந்து வளர்ந்த அறை. கடலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே மார்க்கெட்டு வண்டிகளின் சத்தம் இருந்தது. அதற்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே, அலைகள் வந்து வந்து போயின.

"அம்மா, இங்க கடல் சத்தம் கேக்குதா உனக்கு?"

அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். என் உள்ளங்கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். 

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. டாக்டர் நடுத்தர வயதுப் பெண். அதிகம் பேசாதவர். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். என் நகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அவை நடுவில் குழிந்து கரண்டி போலாகியிருந்தன. பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"மண்ணு, சாம்பல், பச்சரிசி, இந்த மாதிரி ஏதாவது திங்கணும்னு தோணுதாம்மா?"

நான் அன்வரைப் பார்க்காமல் தலையாட்டினேன்.

"காதுல சத்தம்?"

அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டேன். நான் சொல்லாமலே ஒருவருக்கு அது தெரிந்திருக்கிறது. "கடல், டாக்டர்" என்றேன். "கடல் என் பின்னாடியே வருது."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை என் கழுத்தில், காதுக்குக் கீழே வைத்துக் கேட்டார். பிறகு அதைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். அந்த இரைச்சல் குழாய் வழியாகக் கேட்டது. அதே ஏற்றம், அதே இறக்கம். அவர் ஒரு விரலால் என் கழுத்தின் பக்கவாட்டில் லேசாக அழுத்தினார். கடல் நின்றுவிட்டது. விரலை எடுத்தார். கடல் வந்தது.

"உங்க ரத்தம்தாம்மா அது" என்றார். "ரத்தம் ரொம்பத் தண்ணியாயிடுச்சி. இருக்குறத வெச்சிக்கினு ஒடம்பு பூரா அனுப்பணும்னு இதயம் வேகமா அடிக்குது. அதான் கழுத்து நரம்புல இந்த இரைச்சல்."

ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் பொருள்) எனக்கு ஐந்துக்கும் கீழே இருந்தது. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டும் என்றார். எனக்கு வந்திருந்தது கடுமையான ரத்தசோகை (ரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்துபோதல்). நினைவு தப்பியதையும் கல்தூளையும் அப்போது சொன்னேன். மூளைக்குப் போதுமான பிராணவாயு போகாவிட்டால் ஞாபகம் இப்படி விட்டுவிட்டுப் போகும், கல்தூள் தின்னும் ஆசையும் அதனால் வருவதுதான் என்றார். எனக்குப் பைத்தியம் இல்லை. அதை அவர் வாயால் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன்.

பிறகு அன்வரிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "குழந்தை மாசத்துக்குச் சின்னதா இருக்கு. இந்த நெலமையில வலி வந்து கொஞ்சம் ரத்தம் போனாகூட இவங்க தாங்க மாட்டாங்க."

அன்வர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

மாத்திரை சாப்பிட்டும் ஏன் ஏறவில்லை என்பதற்கு மலப் பரிசோதனையில் விடை கிடைத்தது. கொக்கிப்புழு (ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோல் வழியாக நுழைந்து, குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும் சிறு புழு). துவைக்கிற கல், கிணற்றடி, கொல்லைப்புறம், எல்லா இடத்துக்கும் நான் செருப்பில்லாமல்தான் போவேன். வயிற்றில் பிள்ளை மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வயிற்றைத் தொடவே கை வரவில்லை. பிள்ளை அசைந்தபோதுகூட, அசைவது எது என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. அந்தக் கணத்தை மறக்க எனக்கு ரொம்ப நாளாயிற்று.

வார்டில் சேர்த்தார்கள். அன்வரும் என் தம்பியும் ரத்த வங்கியில் ரத்தம் கொடுத்தார்கள், பதிலுக்கு என் வகை ரத்தம் வந்தது. அவசரப்பட்டு ஏற்றினால் களைத்த இதயம் தாங்காது என்பதால் சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில் ஏற்றினார்கள். பை குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர்ச்சி முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறுவது தெரிந்தது. யாருடையது என்று நர்ஸிடம் கேட்டேன். "அதெல்லாம் தெரியாது தங்கச்சி. கண்ண மூடிக்கினு படு" என்றார். கண்ணை மூடவே பயந்து, விழித்தபடியே கிடந்தேன்.

பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். கர்ப்ப காலத்தில் எப்போது கொடுக்கலாம் என்று கணக்கு இருக்கிறது, நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இரும்பு மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு சாப்பிடச் சொன்னார்கள், டீ, காப்பிக்கு மிகவும் தள்ளி.

இரண்டாவது பை ஏறி முடிந்த சில நாட்களில், காலையில் கண் விழித்துப் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரி டம்ளரைத் தரையில் வைத்த சத்தம் கேட்டது. எங்கோ கதவு சாத்தினார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவில் எதுவுமே இல்லை. இவ்வளவு வெறுமையா என்று திடுக்கிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். நரம்பு அமைதியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

பிரசவம் வரை அம்மா வீட்டிலேயே இருந்தேன். டாக்டர் இருக்கும்போதே, பகலில், வலி வந்தது. இன்னொரு பை ரத்தம் தயாராக வைத்திருந்தார்கள், தேவைப்படவில்லை. பெண் குழந்தை. எடை குறைவு, அழுகை மட்டும் நிறைவு. ரெஹானா என்று பெயர் வைத்தோம். பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிந்து ஊருக்குத் திரும்புகிற அன்று பஸ் கிளம்பிவிட்டது. நான் குழந்தையை அணைத்தபடி ஓடிப்போய் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பின்னால் மூச்சு வாங்க ஏறிய அன்வர், "ஓடுன நீ" என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இப்போது களைத்தால் உட்கார்ந்துவிடுகிறேன். யார் வீடாக இருந்தாலும், யார் எதிரே நின்றாலும். உடம்பு சொல்வதற்கு முதல் தடவையே காதுகொடுக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கொல்லைப்புறத்துக்கென்று தனிச் செருப்பு இருக்கிறது.

அந்த மாதங்களின் நினைவு மட்டும் திரும்பவில்லை. கொஞ்ச நாளைக்கு முன் சிங்கப்பெருமாள் கோயில் என்கிற ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்கள் பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டினார்கள். ஒரு படத்தில் நான் இருந்தேன். பெண்கள் கூட்டத்தின் நடுவில், பச்சைப் புடவையில், ஆறு மாத வயிற்றோடு, பக்கத்தில் இருப்பவளின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவே இல்லை என்று அது வரைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது பள்ளிக்கூடம் போகிற ரெஹானா என் தோள்மேல் சாய்ந்து பார்த்தாள்.

"இதுல நான் எங்கம்மா?"

அவள் விரலைப் பிடித்துப் படத்திலிருந்த வயிற்றின்மேல் வைத்தேன்.

"எதுக்கும்மா அப்டி சிரிக்கிற?"

"தெரியலடா."

"யாராவது ஜோக் சொன்னாங்களா?"

அவள் விரல் இன்னும் அங்கேயே இருந்தது. நான் படத்திலிருந்த முகத்துக்கு அருகே குனிந்து பார்த்தேன். உதடு வெள்ளையாக இருந்தது. கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற யாரையும் பார்க்கவில்லை. பிள்ளையைச் சுமந்துகொண்டு, எல்லாரோடும் பேசிச் சிரித்துக்கொண்டு அன்று முழுவதும் அங்கே இருந்திருக்கிறாள். எனக்கு அவளைத் தெரியவில்லை.