முகத்தை மட்டும் காட்டிய வருடம்

என் மகளுக்கு ஏழு வயது முடிய இரண்டு மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குப் புறப்படும் நேரத்தில், அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"ஏலே, பிள்ளைய ஒரு டாக்டரிட்ட கொண்டு காட்டு."

"எதுக்கு? காய்ச்சலா?"

"காய்ச்சலொண்ணும் இல்ல. குளிப்பாட்டும்போ பாத்தேன். வயசுக்கு மீறின வளத்தியாக்கும். ஆம்பளையான உங்கிட்ட நான் இதுக்கு மேல எப்பிடிச் சொல்ல?"

எனக்குப் புரிந்தது. புரியாததுபோல் நின்றேன். "நம்ம குடும்பத்துல எல்லாரும் உயரந்தானே" என்றேன். அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மகளின் தலையில் வைக்க எடுத்து வைத்திருந்த பிச்சிப்பூவை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

எங்கள் வீட்டில் அப்போது நானும் மகளும் மட்டும்தான். என் மனைவி குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மகளுக்கு மூன்றரை வயதில் போனவள், வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவாள். பக்கத்து வீட்டில் அக்கா. கணவரை இழந்தவள், பிள்ளைகள் இல்லை. மகளைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அவள்தான். எனக்கு இரணியல் போகும் சாலையில் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணம், ஞானஸ்நானம், பிறகு பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் நடத்தும் சடங்கு. சடங்கு போட்டோ மட்டும் நூற்றுக்குக் குறையாமல் எடுத்திருப்பேன். பட்டுச் சேலையும் மாலையுமாக, உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம், "கொஞ்சம் சிரி மக்கா, நாடியைத் தூக்கு" என்று சொல்லியே பழகியவன். அந்தப் பிள்ளைகள் என்ன நினைத்துக்கொண்டு சிரித்தார்கள் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

அக்கா சொன்ன பிறகு என் கண்ணிலும் ஒவ்வொன்றாகப் படத் தொடங்கியது. ஜூனில் தைத்த யூனிபார்ம் நவம்பரில் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கழற்றும்போது, வேலை செய்து வந்த பெரிய ஆளின் வியர்வை வாசம் அவளிடமிருந்து வந்தது. நெற்றியில் இரண்டு பரு. பென்சில் முனை ஒடிந்ததற்கு அரை மணி நேரம் அழுதாள். மயிலாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ்ஸில் கண்டக்டர், "பாப்பா ஆறாங்கிளாஸா, ஏழா?" என்று கேட்டார். "ரெண்டு" என்றாள் அவள். கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார், வயதைக் குறைத்துச் சொல்லச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

சண்டே ஸ்கூல் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதை வேஷம் கேட்டாள். தேவதைகள் எல்லாம் சின்னப் பிள்ளைகள் என்று சொல்லி, சத்திரக்காரன் மனைவியாக ஆக்கிவிட்டார்கள். அந்தச் சின்னப் பிள்ளைகள் எல்லாரும் அவள் வயதுதான்.

நான் டாக்டரிடம் போகவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பனிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். "எல்லாம் பிராய்லர் கோழி செய்யுத வேலையாக்கும். கோழிய நிப்பாட்டச் சொல்லு, சரியாகும்" என்றான். அன்றோடு வீட்டில் கோழியை நிறுத்தினேன். பிறகு முட்டை. பிறகு பாக்கெட் பால். மகளுக்குக் கோழிக்குழம்பு என்றால் உயிர். மயிலாடிக் கல்யாணத்தில் பிரியாணி பரிமாறிக்கொண்டு வந்தவர் அவள் இலையில் ஒரு துண்டை வைத்தார். அவள் கையை வைக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்து வேண்டாம் என்றேன். அவள் அதை இலையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு வெறும் சோற்றைத் தின்றாள்.

மனைவியிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்தேன். "அவ அங்க தனியா கிடக்கா. பயந்து வெப்ராளப்பட்டு வேலைய விட்டுட்டு வந்துருவா" என்று காரணம் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவல்ல. பிள்ளையை என்னை நம்பி விட்டுப் போனவளிடம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமல் இருந்தால் அது தானாகவே நின்றுபோகும் என்றும் ஒரு நினைப்பு.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வீடியோ காலில் வருவாள். போனை நான்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். எங்கே பிடித்தால் என்ன தெரியும், என்ன தெரியாது என்பது என் தொழில். மகளின் முகம் மட்டும் தெரியும்படி, சற்று மேலிருந்து பிடிப்பேன். அப்படிப் பிடித்தால் யாருமே சின்னவர்களாகத்தான் தெரிவார்கள். பரு தெரியாமல் இருக்க ஜன்னல் பக்கமாகத் திருப்பி உட்கார வைப்பேன்.

"பிள்ளைய எழும்பி நிக்கச் சொல்லுங்க, வளந்திருக்காளான்னு பாக்கட்டு" என்பாள் மனைவி.

"வீட்டுப்பாடம் எழுதிட்டு இருக்கா, இப்ப எழுப்பாண்டாம்" என்பேன். இன்னொரு நாள் சிக்னல் இல்லை என்பேன். அந்த வருடம் அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் நிம்மதி அது.

மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். எட்டு வயது முடிந்து ஒரு மாதம். ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றரைக்கு, கடியப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு ரேஷன் கார்டுக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. வகுப்பு டீச்சர். "சார், நீங்க உடனே வரணும். பயப்படாண்டாம். வீட்டுல லேடீஸ் யாரும் இருந்தா கூட்டிட்டு வாங்க."

அக்காவைக் கூப்பிட்டால் நேரமாகும் என்று நான் மட்டும் போனேன். ஆபீஸ் ரூமில் ஒரு உயரமான மர ஸ்டூலில் மகளை உட்கார வைத்திருந்தார்கள். டீச்சர் தன் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தார். கால் தரையை எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவள் அழவில்லை. ரொம்ப மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல, பேசினாள்.

"அப்பா, நான் விழவே இல்ல. ஓடவும் இல்ல. எப்பிடி முறிஞ்சு ரத்தம் வருதுன்னு தெரியல்ல."

நான் அவள் தலையில் கை வைத்தேன்.

"நான் செத்துருவேனாப்பா?"

"இல்ல மக்கா. அப்பிடி ஒண்ணும் இல்ல."

"பின்ன ஏன் டீச்சர் அழுதாங்க?"

டீச்சர் திரும்பி அலமாரியில் எதையோ தேடுவதுபோல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அத்தனை சடங்கு வீடுகளில் நின்ற எனக்கு, என் பிள்ளையிடம் சொல்ல ஒரு வார்த்தை இருக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தினேன். அவள் தலை என் முகத்தை மறைத்தது. ரோடு தெரியவில்லை. இறக்கிப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினேன். வழிமுழுக்க என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

அக்கா வாசலிலேயே எல்லாம் புரிந்துகொண்டாள். ஒரு குறைச்சொல் சொல்லவில்லை. "வா மக்களே" என்று அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அக்கா ஏதோ சொல்வதும், மகள் "ஒவ்வொரு மாசமுமா?" என்று கேட்பதும் கேட்டது. பிறகுதான் அவள் அழுதாள்.

நான் முற்றத்தில் நின்று மனைவிக்குப் போன் செய்தேன். அவள் டியூட்டியில் இருந்தாள். சொன்னேன். அந்தப் பக்கம் வார்டில் யாரோ மணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்ப தொடங்கிச்சு?" என்றாள் கடைசியில்.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அக்கா அப்பவே சொன்னா."

"ஒரு வருஷம்." திரும்பச் சொன்னாள். "நான் நர்ஸாக்கும். ஊர்ல உள்ள பிள்ளையளையெல்லாம் பாக்குதேன். எம் பிள்ளைக்க காரியத்த எங்கிட்ட சொல்லணும்னு உங்களுக்குத் தோணல்ல, இல்லியா?"

"நீ வெப்ராளப்படுவேன்னு..."

"வெச்சுருங்க. பிள்ளைய உங்க அக்காவ விட்டு எங்கயும் அனுப்பாண்டாம். நான் வாறேன்."

பதினொரு நாளில் வந்துவிட்டாள். விமான நிலையத்தில் மகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தபோது, அவள் உச்சி அம்மாவின் தோளுக்கு மேலே இருந்தது. மனைவி அவளை விலக்கி நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அந்த ஒரு வருடமாக நான் மறைத்ததை அவள் அந்த ஒரு பார்வையில் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

நாகர்கோவிலில் குழந்தைகள் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் டாக்டர். ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். இடது கையை மட்டும் ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். எத்தனையோ படம் பார்த்தவன் நான். அந்தச் சின்னக் கையின் படத்தைப் பார்க்க முடியவில்லை.

"வயசு எட்டு. எலும்புக்கு பதினொண்ணு ஆகுது" என்றார். "தலையில கட்டி ஒண்ணும் இல்ல, அது நல்லது. இந்த மாதிரி நிறையப் பெண்குட்டிகளுக்கு என்ன காரணம்னே கண்டுபிடிக்க முடியாது. உடம்பு வளரணும்னு மூளை சொல்றது கொஞ்சம் முந்தியே சொல்லிடுது. ஊசி போட்டு அத நிறுத்தி வைக்கலாம். இல்லன்னா எலும்பு சீக்கிரம் முத்தி, உயரம் பாதியிலயே நின்னுடும்."

"கோழி, முட்டை..." என்று நான் தொடங்கினேன்.

"நல்லா கொடுங்க. சாப்பாட்டால வந்ததில்ல இது. அவ வளர வேண்டிய குட்டியல்லே."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருடம் அவள் தள்ளி வைத்த துண்டுகளெல்லாம் எனக்கு நினைவு வந்தது.

மனைவி கேட்டாள்: "ஒரு வருஷம் முன்னாலயே வந்திருந்தா, டாக்டர்?"

டாக்டர் காகிதங்களைச் சரிசெய்தார். "வந்திருந்தா கூடுதல் நல்லா இருந்திருக்கும். இப்பவும் பிரயோஜனம் உண்டு." இரண்டு பெண்களும் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள்.

மாதம் ஒரு ஊசி. மனைவியே போட்டாள். குவைத் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, தக்கலையில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்தாள்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. "ஊரைக் கூட்டாண்டாம். வீட்டோட தலைக்குத் தண்ணி ஊத்தி, ஒரு புதுச் சேல உடுத்துக் கொடுப்போம். பெண்பிள்ளைக்குச் செய்ய வேண்டியத செய்யாம இருக்கப்பிடாது" என்றாள்.

"எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன சேல மைனி?" என்றாள் மனைவி. "யாருக்கும் தெரியாண்டாம். மக்கா, நீயும் ஸ்கூல்ல யார்ட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா?"

மகள் தலையாட்டினாள். மறுநாள் ஸ்டுடியோவுக்கு என்னோடு வந்தாள். மேஜையில் கிடந்த ஒரு சடங்கு ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், ஒரு பக்கத்தில் நின்றாள். ஊதா நிறப் பட்டில் ஒரு பெண், மாலை போட்டு, இரண்டு பக்கமும் தாய்மாமன்மார் நிற்க.

"அப்பா, எனக்கு வந்ததும் இதுதானே?"

"ஆமா மக்கா."

"அப்ப இவங்களுக்கு மட்டும் ஏன் எல்லாரும் வந்தாங்க? எனக்கு ஏன் யாருக்கும் தெரியப்பிடாது? நான் ஏதாவது தப்பு செஞ்சேனா?"

ஒரு தப்பும் இல்லை என்றேன். பத்துத் தடவை சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. ஆல்பத்தை மூடி, விளிம்பு மேஜையோடு ஒட்டும்படி நேராக வைத்தாள்.

ரகசியம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று அதற்குப் பிறகுதான் பார்த்தேன். தோழிகள் வீட்டுக்கு விளையாடப் போவதை நிறுத்தினாள். பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும் என்று பயம். பிறந்தநாளுக்கு யாரையும் கூப்பிடவேண்டாம் என்றாள். யாராவது எத்தனாம் கிளாஸ் என்று கேட்டால், பதில் சொல்லுமுன் எங்கள் முகத்தைப் பார்ப்பாள்.

மூன்று வருடம் ஊசி போட்டோம். போன வருடம் நிறுத்தினோம். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. உயரம் ஓரளவு தப்பித்தது என்கிறார் டாக்டர். நினைத்த அளவு இல்லை. அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போதுதான் ஒவ்வொருவருக்காகச் சடங்கு நடக்கிறது. சிலதுக்கு நானே போட்டோ எடுக்கப் போகிறேன். தொழிலை விட முடியவில்லை. ஆனால் சிரி என்று யாரிடமும் சொல்வதில்லை. மனைவியும் நானும் சண்டை போடுவதில்லை. அந்த ஒரு வருடத்தைப் பற்றி அவள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். நான் வீட்டில் கேமரா லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அறிவியல் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்திருக்கிறது என்றாள். பிறகு லென்ஸ் மூடியை எடுத்துக் கையில் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்கு இப்பிடி வரும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய அம்மா பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கக்கூடும்.

"தெரியும் மக்கா. உங்க அத்த சொன்னா. நான்தான் பயந்துபோய் ஒண்ணும் செய்யாம இருந்துட்டேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றாள். "நான் அன்னைக்கு செத்துருவேன்னு நெனச்சேன்."

கோபம் எதுவும் இல்லாத குரல் அது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, அம்மாவிடம் போனாள்.