சேலைக்கு டிசைன் போட்டவர்

பிள்ளைகளே, நம் தறிக்குக் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போட்டுக் கொடுத்தவர் ஒல்லியானவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் திரையைப் பார்ப்பார். அவர் வைத்திருந்தது இலவச மென்பொருள். அது அடிக்கடி வேலையை நிறுத்தி, ‘உங்கள் படைப்பில் எங்கள் பெயரைக் குறிப்பிடுவீர்களா?’ என்று கேட்கும். அவர் ‘பிறகு’ என்பதையே அழுத்துவார். அது மறுபடியும் வரும்.

“பேஜாரா கீதுங்க. ஜல்தியா ஆமான்னு அமுக்குங்க, யாரு வந்து பாக்கப்போறாங்க?” என்றேன்.

“பொய் சொல்லச் சொல்றீங்களா? சேலையில அவங்க பேர எங்க போடறது? எம்பேரே எதுலயும் இல்ல” என்று சிரித்தார்.

அவர் போட்ட கிளி பார்டர் சேலையை உங்கள் அம்மா கட்டினால், யார் டிசைன் என்று இன்றும் கேட்கிறார்கள். அவர் கடையைக் காலி செய்துவிட்டு எங்கோ போய்விட்டார். ‘டிசைன்காரரே’ என்றே கூப்பிட்டுவந்த நான், அவர் பெயரை ஒருநாளும் கேட்கவில்லை.