நரகப் படுதாவில் எண்ணெய்த் தொட்டிகள்

“...நரகத்துக்கே ராசா நீ! நீயே நடுங்கிக்கினு நின்னா பாவிங்க யாரப் பாத்துடா பயப்படுவாங்க?”

ராயபுரத்தில் மாதா கோவில் திருநாள் நாடகத்துக்கு ஒத்திகை நடந்த ஞாயிற்றுக்கிழமை அது. கொட்டகை நிறைந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று இப்படிக் கேட்டவள் காசிமேட்டில் மீன் விற்கும் அக்காள். கேட்கப்பட்டவன் அவள் தம்பி. துறைமுகத்தில் கரி சுமப்பவன். எங்கள் நாடகத்தில் வருஷா வருஷம் தலைமைப் பிசாசு. தீப்பந்தத்தின்மேல் குங்கிலியப் பொடியை வீசி, எழும் ஜ்வாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டு குதிப்பான். ரயில் பட்டறையில் வேலை பார்த்த நான் காகிதச் சிறகு கட்டிய சம்மனசு, அதாவது தேவதூதன். அவனைத் துரத்துவது என் வேலை. உண்மையில் அவன்தான் என்னைத் துரத்துவான்.

அந்த வருஷம் ஜெர்மன் சண்டைக் கப்பல் பட்டணத்தின்மேல் குண்டு போட்ட இரவில் அவன் துறைமுகத்தில் இருந்தான். மண்ணெண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன், பிறகு அடுப்பு நெருப்பைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மேடையின் பின்னால் தொங்கும் எங்கள் பழைய நரகப் படுதா, பங்குச் சாமியார் பங்களாவில் தொங்கிய பிரெஞ்சுப் படத்தைப் பார்த்து எழுதியது. ஆட்டுக்கால் பிசாசுகள், மஞ்சள் முடிப் பாவிகள். எங்கள் ஊரில் பாவம் செய்த ஒருவன்கூட அதில் இல்லை. அதை எழுதியவர் பம்பாய் நாடகக் கம்பெனிகளோடு ஊர் சுற்றிய ஓவியர்; நரகத்துக்கும் இரண்டு அரண்மனைத் தூண்கள் போட்டிருந்தார். கடல் கடந்து வந்த எதையும் கலை வேண்டாமென்று தள்ளாது என்பது என் கட்சி. குண்டு மட்டும் எப்படி விலக்காகும்?

அன்று அதே ஓவியர் எழுதிய புதுப் படுதாவை அவிழ்த்தார்கள். நரகத்தில் வட்ட வட்டமாக எண்ணெய்த் தொட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. தலையில் படுக்கை மூட்டையோடு ஜனங்கள் ஓடினார்கள்.

நாடக வாத்தியார் கத்தினார்: “நரகத்துல எங்கய்யா எண்ணெய்த் தொட்டி கீது?”

“நரகத்த நீங்க பாத்தீங்களா வாத்தியாரே? இத நான் பாத்தேன்” என்றார் ஓவியர்.

கூட்டம் சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. படுதாவுக்குக் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தான்.

“பொக இவ்ளோ செவப்பா இல்ல, நைனா. கரேல்னு இருந்துச்சு. வானமே தெர்ல.”

எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லியும் திறக்காத வாயை ஒரு சாயச்சீலை திறந்தது. ஓவியர் கறுப்பைக் குழைத்து அங்கேயே புகையைத் திருத்தினார்.

வாத்தியாருக்கு அவசரம். பந்தத்தைக் கொளுத்தி அவன் கையில் கொடுத்தார். “இன்னிக்கி பொடி வீசலன்னா, இந்த வருசம் பிசாசு வேற ஆளுக்குத்தான்.”

அந்த வேஷத்தை விட்டால் அவன் பிறகு எந்த நெருப்புக்கும் முகம் கொடுக்கமாட்டான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தட்டிலிருந்த பொடியை அவன் தொடவில்லை. பந்தத்தை முகத்துக்கு எட்டாமல் தள்ளிப் பிடித்தான். அப்போதுதான் அக்காள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“முடியலக்கா” என்றான்.

“முடியலன்னு சொல்றதுக்கா இவ்ளோ பெரிய மீச வரஞ்சிக்கினே?”

பெண்கள் மேடை ஏறாத காலம். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரு கையால் தம்பியின் மணிக்கட்டைப் பந்தத்தோடு சேர்த்துப் பிடித்தாள். மறு கையால் தட்டிலிருந்து பொடியை வாரி, தானே வீசினாள். எழுந்த ஜ்வாலையைத் தம்பி முகம் திருப்பாமல் பார்த்தான்.