லினக்ஸுக்கு மாற என்னிடம் இருந்த பதினேழு சந்தேகங்கள்

என் பழைய மடிக்கணினியில் புதிய விண்டோஸ் ஏறாதாம். லினக்ஸுக்கு மாறலாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன். இன்று பதினேழு சந்தேகங்களை இலக்கமிட்டு எழுதிக்கொண்டு, மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு, பலாபத்வலையில் பஸ் ஏறி மாத்தளைக்குப் போனேன்.

கணினிக் கடை நடத்தும் பரீனா தாளைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சேர், எனக்குச் சோதனையா?"

உண்மையில் பயம் ஒன்றுதான். கோயில் சபைச் செயலாளராக நான் தட்டிய கடிதங்கள் எல்லாம் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவை வாசிக்க முடியாமல் போய்விட்டால்?

"ஒண்ணும் அழிக்கல சேர். பென்டிரைவ்ல ஓட்டிப் பாப்போம்" என்று லினக்ஸில் ஒரு கடிதத்தைத் திறந்தார்.

தமிழ் இல்லை. திரை முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"பயப்படாதீங்க, ஃபொண்ட் போட்டாச் சரி. இது என்ன கடிதம்?"

"தேர்ப் பாதையைத் திருத்தித் தரச் சொல்லி பிரதேச சபைக்கு எழுதினது. 'கனம் ஐயா, எமது வருடாந்தத் தேர்...'" என்று வாசித்துக்கொண்டே போனேன்.

பரீனா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "சேர், இதையா வாசிக்கிறீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். பாமினியில் ஆங்கில விசைகளைத் தட்டித்தான் தமிழ் எழுதுவோம். எந்த ஆங்கில விசைக்கு எந்தத் தமிழெழுத்து என்று விரல்களுக்குத் தெரிந்திருந்தது எப்போதோ கண்ணுக்கும் தெரிந்துவிட்டிருக்கிறது.

"உங்களுக்கு ஃபொண்ட்டே தேவையில்லையே!"

ஆனாலும் போட்டுத் தந்தார். தமிழ் வந்தது. மாறிவிட்டேன். இதை லினக்ஸில் இருந்துதான் எழுதுகிறேன்.

பதினேழுக்கும் பதில் கிடைத்தது. பதினெட்டாவதை எழுத மறந்துவிட்டேன்: இதை எப்படி அணைப்பது? மத்தியானம் முதல் விழித்தே இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.