பிளானில் வரையாத இறக்கை

எந்த விமானம் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் தகராறே இல்லை. இரண்டாம் உலகப் போரில் பறந்த மாஸ்கிட்டோ. ரெட்டை எஞ்சின், உடம்பு முழுக்க மரம். அதை எந்த அளவில் செய்வது, பெட்டியில் வரும் கிட் வாங்கிச் செய்வதா, பிளான் எடுத்து நாமே மரம் வெட்டிச் செய்வதா என்பதில்தான் காலம் போனது. அந்தக் காலத்தில் அண்ணனின் கண்ணும் சேர்ந்து போனது.

அண்ணன் திண்டிவனத்தில் இருக்கிறார். ஐ.டி.ஐ.யில் டிராயிங் சொல்லிக்கொடுத்தவர். நான் விழுப்புரத்தில் இருந்துகொண்டு பக்கத்தில் காணை ஊர்ப் பள்ளிக்குப் போய்க் கணக்குப் பாடம் நடத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் திண்டிவனம் பஸ் ஏறிவிடுவேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே இரண்டு பேரும் சேர்ந்து மாடல் விமானம் செய்கிறோம். எல்லாமே ஒற்றை எஞ்சின். ரெட்டை எஞ்சினை மட்டும் அண்ணன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். "ஒரு எஞ்சினு கோணலா நின்னா யாரும் கண்டுக்க மாட்டான். ரெண்டு இருந்துச்சின்னா ஒண்ணு இன்னொண்ண காட்டிக் குடுத்துடும்டா" என்பார். ரிட்டயர் ஆன பிறகு நிதானமாக உட்கார்ந்து செய்யவேண்டும் என்று எடுத்து வைத்திருந்தார். சர்க்கரை அதுவரை காத்திருக்கவில்லை. விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

பாண்டிச்சேரியில் கண் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். "இருக்கிற பார்வையைக் காப்பாத்திக்கலாம்" என்றார் டாக்டர். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வரும். இருக்கிறது எவ்வளவு என்று கடைசிவரை அவர் சொல்லவே இல்லை.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.  பாதி வழியில், "கண்ணு போறது போவட்டும்டா. அதுக்குள்ள மாஸ்கிட்டோ ஒண்ண முழுசா செஞ்சி, இந்தக் கண்ணால ஒரு தபா பாத்துடணும். அவ்ளோதான்" என்றார்.  அடுத்த நாளே முதல் கிட்டுக்கு ஆர்டர் போட்டேன்.

அது எழுபத்திரண்டில் ஒன்று. அதாவது நிஜ விமானத்தின் நீளத்தை எழுபத்திரண்டால் வகுத்தால் வரும் அளவு, விரித்த இரண்டு உள்ளங்கைகளில் அடங்கும். கீழே இருக்கும் எண் சிறுக்கச் சிறுக்க மாடல் பெரிதாகும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னத்தில் தப்பு விடுவது இந்த இடத்தில்தான்.

பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டத்தில் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடுகு அளவில் ஒரு நம்பர். அண்ணன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், லென்ஸ் வைத்தார், டியூப்லைட்டுக்குக் கீழே போய் நின்றார். விமானிகள் உட்காரும் இடத்துக்கு மேலே மூடும் கண்ணாடிக் கூண்டு கையிலிருந்து நழுவி மொசைக் தரையில் விழுந்தது. நான் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் காலடியில் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"கிட்டாடா இது? சாம்பல் கலரு பிளாஸ்டிக்குல சாம்பல் கலரு நம்பரு. எவனுக்குத் தெரியும்?" என்று கத்தினார்.

நானும் அதை அப்படியே நம்பினேன். கிட் விற்றவனுக்குப் போன் போட்டு, சண்டைக்காரன் மாதிரி பேசினேன். அவன் பாவம், வேறு கிட் அனுப்பிவைத்தான். நாற்பத்தெட்டில் ஒன்று. முதலாவதைவிடப் பெரிது. அதிலும் அச்சு சரியில்லை என்றார் அண்ணன். பிறகு முப்பத்திரண்டில் ஒன்று வந்தது. பெட்டியே டி.வி. பெட்டி மாதிரி இருந்தது. அதில் விளக்கப் புத்தகம் சரியில்லை என்றார். பரணில் பெட்டிகள் ஏறிக்கொண்டே போயின.

"வூட்ல இருக்கிற கொசு பத்தாதுன்னு அண்ணனும் தம்பியும் பொட்டி பொட்டியா வாங்கிக்கினு வரீங்க" என்று அண்ணி கிண்டல் செய்வார். மாஸ்கிட்டோ என்றால் கொசு என்று அண்ணன்தான் சொல்லியிருந்தார். அண்ணி சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். ஆனால் நான் செருப்பு மாட்டும்போது வாசல் வரை வந்து, "தம்பி, அவருக்கு சோத்துல கல்லு இருந்தாக்கூட தெரியல. கேட்டா எம்மேல பாயுறாரு" என்று மெதுவாகச் சொல்வார். நான் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். 

ஒருநாள் அண்ணனே சொன்னார். "கிட்டெல்லாம் வேணாம்டா. அவன் குடுத்த அளவுதான் அளவு. பிளான்னா நம்ம இஷ்டம். எவ்ளோ பெருசா வேணும்னாலும் அடிச்சிக்கலாம்."

பிளான் என்பது வரைபடம். அதைப் பலகையில் விரித்து, அதன் மேலேயே லேசான பால்சா மரத்தை வெட்டி, குண்டூசி குத்தி ஒட்டிக்கொண்டு வரவேண்டும். பழைய பிளான்களில் ஒரு வழக்கம் உண்டு. இடது இறக்கையை மட்டும்தான் வரைந்திருப்பார்கள். வலது இறக்கைக்குத் தனிப்படம் இருக்காது. தாளின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி, கொடியில் காயப்போட்டு, குப்புறத் திருப்பிப் போட்டால் கோடுகள் பின்பக்கம் ஊடுருவித் தெரியும். அதுதான் வலது இறக்கை. கல்லூரி நாளில் ஒரு முறை இதை மறந்துவிட்டு, ராத்திரி பகலாக இழைத்து இரண்டு இடது இறக்கை செய்து வைத்தோம். உடம்பில் பொருத்திப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். அதிலிருந்து அண்ணனுக்கு ஒரு சட்டம். பிளானைத் திருப்பிப் போட்டு, வலது இறக்கையை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டார்.

இணையத்திலிருந்து ஒரு பிளானை இறக்கி, விழுப்புரத்தில் வீட்டு மனை வரைபடம் அடிக்கும் கடையில் கொடுத்து வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் தாள்மேல் கவிழ்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"கோடு சன்னமா கீதுடா. இன்னும் கொஞ்சம் பெருசா அடி."

அடித்தேன். அடுத்த வாரம், "இன்னும் கொஞ்சம்." அதையும் அடித்தேன். கோடுகளைத் தடிமனாக்கி அடித்தேன். ஒவ்வொரு தாளுக்கும் அண்ணி எண்ணெய் தடவிக் கொடியில் போடுவார். பெட்ஷீட்டுகளுக்கு நடுவே விமானங்கள் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு துண்டு மரம்கூட நாங்கள் இன்னும் வெட்டியிருக்கவில்லை.

கணக்கு வாத்தியாருக்கு இது புரியாமல் போகுமா? பார்வை குறையக் குறைய விமானம் வளர்ந்துகொண்டிருந்தது. அதை ஒட்ட பால்சா எங்கே கிடைக்கும், எந்தப் பலகையில் வைத்துச் செய்வது, வாசல் வழியாக எப்படி வெளியே எடுப்பது என்று அண்ணன் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. இது ஒருநாளும் முடியப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்தால் அந்த நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆண்டவனைத் திட்டுவேன். சர்க்கரையைத் திட்டுவேன். பக்கத்து சீட்டில் சத்தமாக வீடியோ பார்க்கிறவனைத் திட்டுவேன். அவனைத் திட்டுவதில்தான் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

கடைசியில் மனை வரைபடக் கடைக்காரர், இதற்குமேல் அகலமாகத் தாள் கிடையாது, ஃப்ளெக்ஸில்தான் அடிக்கமுடியும் என்றார். பேனர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பென்டிரைவை வாங்கிக்கொண்டே, "கண்ணீர் அஞ்சலியா சார், மஞ்சள் நீராட்டா?" என்று கேட்டார். விமானம் என்றேன். திரையில் அதைப் பார்த்துவிட்டு, "கீழ பேரு போடணுங்களா? போட்டோ வெக்கணுங்களா?" என்றார். ஒன்றும் வேண்டாம், கோடு மட்டும் போதும் என்றேன். கோடு மட்டும் அடித்து யாரும் வாங்கிப்போனதில்லை என்றார்.

சுருட்டிய ஃப்ளெக்ஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். கூட்டேரிப்பட்டில் மயிலம் போகும் கூட்டம் இறங்கி இடம் கிடைத்ததும் உட்கார்ந்தேன். கண்டக்டர் அந்தச் சுருளைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யாரு சார் தவறிட்டாங்க?" என்றார். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அண்ணன் வீட்டில் கூடத்துக் கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு ஃப்ளெக்ஸை விரித்தேன். இறக்கை நுனி சமையலறை நிலைப்படியைத் தொட்டது. விரல் தடிமனில் கறுப்புக் கோடுகள். நான் நின்றபடியே எல்லாம் தெரிந்தது. அண்ணன் மண்டிபோட்டு உட்கார்ந்தார். ஓரங்கள் சுருண்டு சுருண்டு எழுந்தன. மேலே வைக்கக் கனமாக ஏதாவது எடுத்துவரலாம் என்று சமையலறைக்குள் போனேன். ஃப்ளெக்ஸில் எண்ணெய் வேலைக்காகாது, வலது இறக்கையைத் தனியாகத் திருப்பி அடித்து வாங்கவேண்டும் என்று அண்ணனிடம் சொல்லவேண்டும் என நினைத்துக்கொண்டே இட்லிக் குண்டானையும் குழவிக்கல்லையும் எடுத்தேன்.

வெளியே வந்தபோது அண்ணன் ஃப்ளெக்ஸைத் திருப்பிப் போட்டிருந்தார். அவர் சட்டம் அது.

பின்பக்கம் ஒன்றுமில்லை. கூடம் நீளத்துக்கு வெறும் வெள்ளை. அண்ணன் அதன்மேல் கவிழ்ந்து, வலது கை ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டு போனார். உடம்போடு இறக்கை சேரும் இடத்தில் தொடங்கி, எஞ்சின் வரும் இடத்தில் வளைந்து சுற்றி, நுனிவரை போய், பின் விளிம்பு வழியாகத் திரும்பி வந்தார். எங்கும் தயங்கவில்லை. மாஸ்கிட்டோவின் வலது இறக்கை அப்படியேதான் இருக்கும்.

அண்ணி என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். இத்தனை நாளும் அந்த எண்ணெய்த் தாள்களில் அண்ணன் எதைப் பார்த்தார் என்று நினைத்தேன். 

"இதாண்டா பிளானு" என்றார் அண்ணன். முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தான் சோக்கா தெரியுது. இதையே வெச்சிக்கலாம். இனிமே அலைய வேணாம்."

"சரிண்ணா."

"ரெண்டு எஞ்சினும் நேரா நிக்குதா, நீயும் ஒரு தபா பாத்துடு."

குழவிக்கல்லை அந்த வெள்ளைத் துணியின் மூலையில் வைத்தேன். அவர் பக்கத்தில் மண்டிபோட்டு, அவர் மாதிரியே குனிந்து பார்த்தேன்.

"நேராத்தான் நிக்குதுண்ணா" என்றேன்.