கூப்பிய கையை இறக்காத தம்பி

கோபத்தை மனதில் வைத்துக்கொண்டே ஜெபிக்க முடியும் என்று நம்பியவள் நான். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு இன்டர்வியூ இருந்தது. அன்று காலையாகப் பார்த்து என் தம்பி என்னிடம் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, நண்பர்களோடு நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்குப் போய்விட்டான். பஸ் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் இன்டர்வியூ முடிந்திருந்தது. இனி வேலையே கிடைக்காதோ என்ற கவலை வேறு. அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். ஜெபமாலையை மட்டும் விடவில்லை!

ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. முன்னால், பின்னால், பக்கத்தில் அம்மாவுக்கு என்று எல்லோருக்கும் கை கூப்பினேன். அம்மாவுக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பியை மட்டும் விட்டுவிட்டேன். அடுத்த பாடல் தொடங்கிவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தால், அவன் இன்னும் என்னைப் பார்த்துக் கை கூப்பியபடியே நிற்கிறான்.

"கைய எறக்குடா, எல்லாரும் பாக்குறாங்க," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சமாதானம் சொல்லு, எறக்குறேன். என் தப்புதான்க்கா. கை வேற வலிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும். தினமும் ஆண்டவரிடம் வேலை கேட்டேனே தவிர, இந்தக் கோபத்தை எடுத்துவிடுங்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததை அவர் முதலில் கொடுத்துவிட்டார்.

கை கூப்பினேன். "சமாதானம்டா."

வேலை இன்னும் கிடைக்கவில்லை. நாளை அடுத்த இன்டர்வியூ. ஸ்கூட்டி சாவி தம்பியிடம்தான் இருக்கிறது. அவனே கொண்டுபோய் விடுகிறானாம். நான் நிம்மதியாகத் தூங்கப்போகிறேன்.