மீன்காரன் முகத்துப் பொற்காசு

ரோமாபுரியில் காசு அச்சடிக்கும் தங்கசாலையில் சுத்தியல் அடிக்கிறவன் நான். அச்சு வெட்டுகிறவன் ஹிலாரஸ். பதினோரு சக்கரவர்த்திகளின் முகத்தை வெட்டியிருக்கிறான்; ஒருத்தரைக்கூட நேரில் பார்த்ததில்லை. அரண்மனையிலிருந்து படம் வரும், பார்த்து வெட்டுவான்.

இந்தத் தடவை டான்யூப் கரைப் படை யாரையோ சக்கரவர்த்தி ஆக்கிவிட்டது. பேர் வந்தது, படம் வரவில்லை. நகரத்துப் படைக்கு உடனே பொற்காசு இனாம் கொடுத்தாகணுமாம்.

"முகம் தெரியாதே எஜமான்," என்றான் ஹிலாரஸ்.

"எவன் மூஞ்சியையாவது போடுடா! தலையில இலைமாலை வச்சுட்டா எல்லாரும் சக்கரவர்த்திதான்," என்று கத்தினார் மேலாளர் காலிடஸ். கத்தும்போது அவர் மூக்கோரத்து மரு தனியாகத் துடிக்கும்.

அன்று மதியம் ஓசிச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்தான் ஹிலாரஸின் மச்சினன் முஸ்கஸ். மீன்கடைக்காரன், மூன்று மடிப்புக் கழுத்து. அவன் மூஞ்சியையே அச்சில் வெட்டிவிட்டான் ஹிலாரஸ். காசின் பின்பக்கம் கைகுலுக்கும் இரண்டு கைகள், 'படைகளின் ஒற்றுமை' என்று எழுத்து. அட, பெரிய ஒற்றுமை! மூன்று வருஷத்தில் நாலு சக்கரவர்த்திகளை வெட்டிப்போட்ட ஒற்றுமை.

முஸ்கஸைக் கையில் பிடிக்க முடியவில்லை. "மாமா, இனிமே என்னைப் பார்த்தா எழுந்து நில்லு," என்பான்.

நாற்பதாம் நாள் சக்கரவர்த்தி வருகிறார் என்றதும் நகரத்துப் படைக்கு மனசு மாறிவிட்டது. அவர் வேஷம் மாற்றி ஊருக்குள் புகுந்துவிட்டதாகப் பேச்சு. வாங்கின காசையே கையில் வைத்துக்கொண்டு, அவரை வெட்டக் கடைகடையாக முகம் பார்த்துப் போனார்கள். மீன்கடையில் நின்றார்கள்.

"ஐயோ, அவன் என் மச்சினன்! நான்தான் அவன் மூஞ்சியைப் போட்டேன்! எஜமானைக் கேளுங்க!" ஹிலாரஸ் ஓடிவந்து காலைப் பிடித்தான்.

காலிடஸை இழுத்து வந்தார்கள். "காசுல இருக்கறது யாரு?"

பொய் முகம் போட்டதை ஒப்புக்கொண்டால் அவர் தலை போகும். "சக்கரவர்த்தியேதாங்க. சத்தியமா."

"மாமா, சொல்லு மாமா!" என்றான் முஸ்கஸ். செதில் ஒட்டின கையோடேயே வெட்டிப்போட்டார்கள். நிஜச் சக்கரவர்த்தி வடக்கு வாசல் வழியாக ஜோராக வெளியேறித் தப்பிவிட்டார். அந்த நிஜ முகத்தை ஒருத்தனும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுவாரம் இன்னொரு சக்கரவர்த்தி. பேர் வந்தது, படம் வரவில்லை.

"எவன் மூஞ்சியையாவது போடு," என்றார் காலிடஸ், நிமிர்ந்து பார்க்காமல்.

"சரிங்க எஜமான்."

ஹிலாரஸ் மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் வெட்டி, அச்சை என்னிடம் நீட்டினான். இலைமாலைக்குக் கீழே, மூக்கோரம், ஒரு மரு.

நான் அதை வாங்கிப் பொருத்தினேன். தங்கத்தை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன்.